முதல் தண்ணீர்

கொடுக்கிறவன் கை எப்போதும் மேலே இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எங்கள் ஊர் நாற்றுப் பண்ணைக்கு வந்ததில்லை. அங்கே கொடுக்கிறவன் கை கட்டித்தான் நிற்க வேண்டும். அவன் காத்திருப்பதற்கென்றே கதவருகே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் எதிரே ஒரு பலகை தெரியும்: 'பருவ நடவுப் பொதுக்கொடைக் குழு உங்களை மனமார வரவேற்கிறது. உத்தரவு இல்லாமல் உள்ளே வரக்கூடாது.'

ஒரு காலத்தில் அது வெறும் பண்ணைதான். தக்காளி நாற்று வேண்டுமென்றால் போய் வாங்கி வரலாம். யாரோ ஒரு புண்ணியவான், நடவுப் பருவத்தில் இல்லாதவர்களுக்கு நாலு செடி சும்மா கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். கேட்ட வாயைச் சொல்ல வேண்டும். கொடுப்பதற்கு ஒரு குழு வந்தது. குழுவுக்கு ஓர் அறை வந்தது. அறைக்கு நாற்காலிகள் வந்தன. நாற்காலி போட இடம் போதாமல் நாற்றங்காலில் பாதியைத் தூர்த்துச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். செடி குறைந்துபோகவே, கொடுப்பதற்கான செடிகளை ஊராரிடமே வாங்க ஆரம்பித்தார்கள். இப்போது நடவுப் பருவத்தில் அங்கே யாரும் செடி வாங்க முடியாது. கேட்டால், இது விற்கிற பருவம் இல்லை, கொடுக்கிற பருவம் என்பார்கள். சரி, கொடுங்கள் என்றால், விழா முடியட்டும் என்பார்கள்.

இந்த இடத்தில்தான் என் அத்தான் போய் மாட்டிக்கொண்டார்.

அத்தான் என் அக்காவின் கணவர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. ஊரிலுள்ள எல்லா நாய்களும் அவரைப் பார்த்துக் குரைத்திருக்கின்றன, அவர் ஒன்றைக்கூட விரட்டியதில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று என் அக்காவே சொல்வாள். போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

அவள் வளர்த்தது ஓர் எலுமிச்சை. பிழிந்து போட்ட பழத்தின் கொட்டை ஒன்றைப் பெயிண்ட் டப்பாவில் ஊன்றி, அது வளர வளரப் பெரிய டப்பாவுக்கு மாற்றி, கடைசியில் ஒரு தகர டிரம்முக்கு வந்து சேர்ந்திருந்தது. கொட்டை போட்டு வளர்த்த எலுமிச்சை காய்க்க வருஷக்கணக்காகும். "ஒட்டுச்செடி ஒண்ணு வாங்கிக்கோயேன்" என்று நான் கேலி செய்வேன். "உனக்குக்கூடத்தான் மீசை முளைக்க ரொம்ப நாளாச்சு. தூக்கியா போட்டோம்?" என்பாள். பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீர் தினமும் அந்தச் செடிக்குத்தான். அவள் இருந்தவரை அது ஒரு பூ பூக்கவில்லை.

இந்த வருஷம் வெயில் தொடங்கியபோது கிளை நுனிகளில் ஊதாவும் சிவப்புமாகப் பொடி மொட்டுகள் வந்தன. அத்தான் எனக்குப் போன் செய்தார். "மாப்ளே, மொட்டு விட்டிருக்கு" என்றார். அன்று சாயங்காலமே நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு வாரம். வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அத்தானுக்குக் கிடைத்த புது வீடு மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெயில் அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்ததே கிடையாது. நானோ ஒரு கடைக்கு மேலே தகரக் கூரையின் கீழே ஒண்டியிருப்பவன். வேன் ஓட்டுகிறவனுக்கு வீட்டுத் தோட்டம் எங்கே? அப்போதுதான் நாற்றுப் பண்ணைச் சுவரொட்டியை அத்தான் பார்த்தார். 'உங்கள் செடியை எங்களிடம் கொடுங்கள். இந்தப் பருவத்திலேயே பொதுத் தோட்டத்து மண்ணில் நட்டு வளர்க்கிறோம்.'

"மண்ணுல நிக்கும் மாப்ளே. நான் மீட்டர் பாக்கப் போற வழிதான். போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பாத்துக்கலாம். காய்ச்சா யாரு வேணா பறிச்சுக்கட்டும்" என்றார் அத்தான். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பல மாதங்களாகக் கேட்டதில்லை.

என் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். கொடை ஏற்பு அறையில் குழுவின் செயலாளர் உட்கார்ந்திருந்தார். பச்சைச் சட்டை, பச்சை டை, பச்சை மை பேனா. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவர் இலையைப் புரட்டிப் பார்த்தார், தண்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு அத்தானை அதே கண்ணால் பார்த்தார்.

"மகிழ்ச்சியாக் கொடுக்கிறீங்களா சார்?"

அத்தான் யோசித்தார். பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு இது ஒரு தொந்தரவு. "மகிழ்ச்சின்னு சொல்ல முடியாதுங்க. எங்க வீட்டம்மா வளர்த்தது. அவ இப்ப இல்லை."

"அப்ப சிரமமாச்சே. மகிழ்ச்சியோட கொடுத்தாத்தான் கொடை. வருத்தத்தோட கொடுக்கிறதுக்கு எங்ககிட்ட பிரிவே கிடையாது. பரவாயில்லை, சிரிச்ச மாதிரி ஒரு படம் எடுத்துட்டா மகிழ்ச்சின்னு எடுத்துக்குவோம்."

படம் எடுப்பவர் வந்தார். அத்தானைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அத்தான் சிரித்தார். பல் தெரியவில்லை என்றார்கள். பல்லைக் காட்டினார். கண் சிரிக்கவில்லை என்றார்கள். செயலாளர் நல்ல மனிதர்தான், உதவி செய்ய நினைத்தார். "உங்க வீட்டம்மா ஏதாவது வேடிக்கையாச் சொல்லியிருப்பாங்க இல்ல? அதை நினைச்சுக்குங்க" என்றார். அத்தான் நினைத்துக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் படம் எடுப்பவரே கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். கடைசியில் என்னைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். எப்படியாவது செடி மண்ணுக்குப் போய்ச் சேரட்டும் என்று நானும் ஈயென்று இளித்தேன். இந்த வருஷ விழா மேடையில் 'மகிழ்ச்சியான கொடையாளர்' என்று தொங்கிய படம் என்னுடையதுதான்.

அடுத்தது அலங்காரம். டிரம்மைச் சுற்றி ஜிகினாத் தாள் ஒட்டினார்கள். அடியிலும் ஒட்டினார்கள், தண்ணீர் வடிவதற்காக அக்கா ஆணியால் போட்டிருந்த ஓட்டைகள் எல்லாம் மூடிக்கொண்டன. இடுப்பில் ஒரு பச்சை நாடா கட்டி முடிச்சுப் போட்டார்கள். பிறகு செடியைத் தூக்கிக்கொண்டு போய்க் 'காத்திருப்புக் கூடம்' என்று எழுதியிருந்த தகரக் கொட்டகையில் வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே கொய்யா, நெல்லி, கறிவேப்பிலை என்று ஒரு கூட்டம் நாடா கட்டிக்கொண்டு வாடி நின்றது.

"தண்ணி எங்க பிடிக்கிறதுங்க?" என்று அத்தான் கேட்டார். மூலையில் ஒரு குழாய் இருந்தது. அதற்குப் பூட்டுப் போட்டிருந்தது.

தோட்டக்காரர் பதறிப்போனார். "ஐயையோ, ஊத்திடாதீங்க. முதல் தண்ணி சிறப்பு விருந்தினருக்கு."

செயலாளர் விளக்கினார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சிறப்பு விருந்தினர் வந்திருந்தாராம். இந்தத் தோட்டக்காரர் விடியற்காலையிலேயே எல்லாச் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டாராம். விருந்தினர் மேடையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து, அவர் ஷூவை நனைத்துவிட்டதாம். "எல்லார் முன்னாடியும் சார். சேறு. அன்னிக்கு முடிவு பண்ணினோம். கொடைச் செடிக்கு மேடை ஏறுறவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. மண்ணு நல்லாக் காஞ்சிருந்தாத்தான் விருந்தினர் ஊத்துறதை மரியாதையா உறிஞ்சிக்கும்."

"விழா எப்பங்க?"

"ரெண்டே நாள்தான்."

தோட்டக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "தண்ணி ஊத்தறதுக்குத்தான் என்னை வேலைக்கு வச்சாங்க தம்பி. இப்ப ஊத்தாம இருக்கிறதுக்கும் அதே சம்பளம்தான் தர்றாங்க. குறைக்கலை, பாவம்."

இரண்டு நாளில் விழா நடக்கவில்லை. சிறப்பு விருந்தினர் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றத் தொண்டை எதற்கு என்று நான் கேட்டேன். பேசாமல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் அது தோட்டக்காரர் வேலையாகிவிடாதா என்று செயலாளர் திருப்பிக் கேட்டார். தொண்டை சரியானதும் மேடையின் திசை சரியில்லை என்று தெரியவந்தது. விருந்தினர் முகத்தில் வெயில் விழுகிறதாம். பிரித்து வேறு பக்கம் கட்டினார்கள்.

அத்தான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் காத்திருப்புக் கூடத்தில் எட்டிப் பார்த்தார். முதலில் மொட்டுகள் கொட்டின. அவற்றைக் குனிந்து பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு இலைகள் உள்பக்கமாகச் சுருண்டன. தகரக் கொட்டகைக்குள் அப்படி ஒரு புழுக்கம். ஜிகினாத் தாளைத் தொட்டால் கை சுட்டது. "உள்ள வேரு வெந்துடும் மாப்ளே" என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் குரல் சரியாக இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அதே குரலில்தான் பேசினார்.

ஒரு மத்தியானம் மழை வந்தது. பருவத்தின் முதல் மழை, நல்ல கனத்த மழை. நானும் அத்தானும் வேனை எடுத்துக்கொண்டு பண்ணைக்கு ஓடினோம். கொட்டகைத் தகரத்தில் ஓட்டை உண்டு, ஒழுகினாலும் போதும் என்று வழியெல்லாம் அத்தான் சொல்லிக்கொண்டே வந்தார். போய்ப் பார்த்தால் குழு மொத்தமும் அங்கே இருந்தது. நாற்காலிகள் நனைகின்றன, அதை யாரும் கவனிக்கவில்லை. ஆளுக்கொரு செடியைத் தூக்கிக்கொண்டு ஒழுகாத மூலை தேடினார்கள். செயலாளர் தான் தொப்பலாக நனைந்துகொண்டு எங்கள் எலுமிச்சைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"ஒரு அஞ்சு நிமிஷம் நனையட்டுமே சார்" என்றார் அத்தான்.

"மழைக்கு என்ன சார், அது யாருக்கு வேணாலும் பெய்யும். அதுல என்ன மரியாதை இருக்கு?" என்றார் செயலாளர். அவர் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது செடியின் மேல் விழுந்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அத்தான் தன் வாழ்க்கையில் முதல் குற்றத்தைச் செய்தார். மீட்டர் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலை மறைத்துக் கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது டிரம்மில் சாய்த்தார். கால் பாட்டில் இறங்குவதற்குள் பிடித்துவிட்டார்கள். பிடித்தது தோட்டக்காரர். பிடித்துவிட்டு அவரே அழுதார். சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றார்.

அவசரக் கூட்டம் கூடியது. கேள்விப்பட்டு நானும் ஓடினேன். முதல் தீர்மானமாக, மேசை விசிறியைக் கொண்டுவந்து டிரம்மின் வாய்க்கு நேராகத் திருப்பி, ஈரம் காயும்வரை ஓடவிட்டார்கள். எதிரே அத்தானை உட்கார வைத்துச் செயலாளர் பேசினார்.

"வீட்டுல நீங்க ஊத்தினா அது வெறும் தண்ணி சார். யாரு பார்த்தா? யாரு கை தட்டினா? நாலு பேர் பார்க்க ஊத்தினாத்தான் அது கொடை. இத்தனை வருஷமா இந்தப் பண்ணையில ஒருத்தரும் எங்களுக்குத் தெரியாம நல்லது பண்ணினதில்லை. நீங்கதான் முதல் ஆளு."

"தப்புதாங்க" என்றார் அத்தான். "செடியைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நான் எங்கயாவது வச்சுக்கறேன்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா சார்? அழகில்லையே."

"இல்லாதவங்களுக்குச் செடி கொடுக்கிறீங்கதானே சார்? அத்தானுக்கு இப்ப செடி இல்லை. அவருக்கே கொடுத்துடுங்க" என்றேன் நான். வாதத்தில் மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

செயலாளர் சந்தோஷப்பட்டார். "கொடுக்கலாமே. நல்ல யோசனை. வாங்குறவருக்குச் சொந்தமா மண்ணு இருக்கணும், அது ஒண்ணுதான் விதி. சாருக்கு மண்ணு இருக்கா?"

அத்தான் இல்லை என்று தலையை ஆட்டினார். மண் இருந்தால் அவர் ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கப் போகிறார்? யானை வாயில் போன கரும்பு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அத்தானுக்குப் புரியவில்லை. எழுந்துபோய்ச் செடி இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசிறிக் காற்றில் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன.

விழா ஒருவழியாக வந்தது. அதற்குள் எங்கள் செடியில் ஓர் இலை இல்லை. மற்றச் செடிகளும் அப்படித்தான். குழு அசரவில்லை. மேடை அலங்காரக்காரர்களை வைத்து ஒவ்வொரு குச்சியிலும் பச்சைக் காகித இலைகளை நூலால் கட்டினார்கள். எலுமிச்சை என்று தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று மஞ்சள் பிளாஸ்டிக் பந்துகளும் தொங்கவிட்டார்கள். என் அக்கா அத்தனை வருஷம் காத்திருந்தும் காய்க்காத செடி, அரை மணி நேரத்தில் காய்த்துத் தள்ளிவிட்டது. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சிறப்பு விருந்தினர் பேசினார். தொண்டை நன்றாகவே இருந்தது. "செடிகள் பேசுவதில்லை. எவ்வளவு தாமதமானாலும் குறை சொல்வதில்லை. நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நம் மக்களும் செடிகளைப் போல இருக்கக் கற்றுக்கொண்டால் நாடு எங்கேயோ போய்விடும்" என்றார். பெரிய கைதட்டல். பிறகு பளபளவென்ற பூவாளியால் எலுமிச்சைக்கு முதல் தண்ணீர் ஊற்றினார். கட்டாந்தரையாக இருந்த மண் அதைச் சத்தம் போட்டுக்கொண்டு குடித்தது. செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் பூரிப்போடு சொன்னார்: "பாத்தீங்களா, ஒரு சொட்டு வழியலை."

கொடையாளர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அத்தானை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பார்த்தார், செடியைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இதை என் பொண்டாட்டி வளர்த்தா. எனக்குப் பேச வராது. பாத்திரம் அலசி முடிச்சிட்டு மிச்சத் தண்ணியைக் கொண்டுபோய் ஊத்துவா. யாரும் பார்த்ததில்லை. நான்கூடப் பார்த்ததில்லை. வெளிய போய்ட்டு வந்து பார்த்தா மண்ணு ஈரமா இருக்கும். அதை வச்சுத்தான் ஊத்தியிருக்கான்னு தெரியும். அவ்வளவுதாங்க."

அதற்கும் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் உடனே மைக்கை வாங்கி, அடுத்த பருவம் முதல் மிச்சத் தண்ணீர் ஊற்றுவதற்குத் தனியாக ஒரு விழா எடுக்கப்படும் என்று அறிவித்தார்.

செடிகளைப் பின்னால் இருந்த பொதுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் நட்டார்கள். நாடாவில் விருந்தினர் பெயர் அச்சடித்திருந்ததால் அவிழ்க்க முடியாது என்று டிரம்மோடு, ஜிகினாத் தாளோடு குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினார்கள். பக்கத்தில் போன வருஷத்துக் கொடைகள் வரிசையாக இருந்தன. செடி ஒன்றும் இல்லை, கொடையாளர்களின் பெயர்ப் பலகைகள் மட்டும் நன்றாக வேர் பிடித்து நின்றன. பிறகு எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

நானும் அத்தானும் மட்டும் அங்கே நின்றோம். அவர் காகித இலைகளையும் பந்துகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கீழே வைத்தார். கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும். பழுப்பாக இருந்தது. கொஞ்சம் கீழே சுரண்டினார். பழுப்பு. மண்டியிட்டு, மண்ணை ஒட்டி, அடித்தண்டில் சுரண்டிப் பார்த்தார். அங்கேயும் அதே பழுப்புதான். நகத்தை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் கையில் தேநீரோடு வந்தார். "உருக்கமாப் பேசினீங்க சார். விருந்தினருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உங்க வீட்டம்மா வேற ஏதாவது செடி வச்சிருந்தாங்களா? அடுத்த பருவத்துக்கும் நீங்களே வரணும்."

"இல்லைங்க" என்றார் அத்தான். "அவ இது ஒண்ணுதான் வச்சா."

செயலாளர் வருத்தப்பட்டுக்கொண்டே போனார். எனக்கு அவர் பின்னால் ஓடிப்போய் அந்தத் தேநீரை அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. அழுகைதான் வந்தது. அக்காவை இரண்டாவது தடவை புதைத்தது போல இருந்தது.

தோட்டக்காரர் தயங்கித் தயங்கி வந்து குழாய்ப் பூட்டைத் திறந்தார். "விழா முடிஞ்சிடுச்சுங்க. இனி எவ்வளவு வேணாலும் ஊத்தலாம்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அத்தான் எழுந்தார். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து செடியின் அடியில் நிதானமாக ஊற்றினார். திரும்பிப் போய் இன்னொரு வாளி பிடித்தார். தண்ணீர் டிரம் நிறைந்து வெளியே வழிந்து அவர் செருப்பை நனைத்தது. அவர் மறுபடியும் குழாயடிக்குப் போனார்.

"அத்தான், அது போயிடுச்சு. போதும், வாங்க" என்றேன்.

"தெரியும் மாப்ளே" என்றார். "அவ இதை ஒரு நாளும் காய விட்டதில்லை. வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

குழாயடியில் இன்னொரு வாளி இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டேன்.